வட்டத் தொப்பி

நான் பாரசீகப் பேரரசனாக நடித்த நாளை நினைத்தால் இன்றைக்கும் எனக்குக் கோபம்தான் முதலில் வருகிறது. யார்மீது என்பது மட்டும் மாறிவிட்டது.

அப்போது எனக்கு ஒன்பது வயது. நாங்கள் குடிபெயர்ந்து வந்த குளிர்நாட்டில், வெக்ஸ்போர்ட் என்ற இடத்தில் ஓர் அடுக்குமாடியில் இருந்தோம். பக்கத்து வீட்டு ரோஜின் என்னுடைய வகுப்பு. ஈரானிலிருந்து வந்த குர்துக் குடும்பத்துப் பெண். பழங்கால நாகரிகங்கள் பற்றிப் படித்த பள்ளித் தவணையில், பல தேசத்தார் அரசனுக்குக் காணிக்கை கொண்டுவருகிற நாடகம் ஒன்றை ரீச்சர் போட்டார். வகுப்பில் நானே உயரம் என்பதால் ராஜா வேடம் எனக்கு. பெண் பிள்ளை ராஜாவாவதா என்று அப்பா சிரித்தார். ஆனால் அட்டைக் கிரீடத்துக்குத் தங்கப் பேப்பர் ஒட்டித் தந்தது அவர்தான்.

பாடப்புத்தகத்தில் ஒரு கற்சுவரின் படம் இருந்தது. மடிப்பு மடிப்பான கிரீடம் வைத்தவர்கள் பாரசீகர். வட்டத் தொப்பி போட்டவர்கள் மேதியர். மாறி மாறி நின்றார்கள். சிலர் கைகோத்திருந்தார்கள். ரோஜின் ஒரு வட்டத் தொப்பிக்காரர்மீது விரலை வைத்து, இவர்கள்தான் தன் ஆட்கள் என்றாள். தகப்பன் சொன்னாராம். மேதியருக்கும் குர்து மக்களுக்கும் என்ன உறவு என்று அறிஞர்கள் இன்னும் வாதாடுகிறார்கள் என்பதைப் பிறகு படித்துத் தெரிந்துகொண்டேன். ஆனால் மேதியர் பாரசீகர் இல்லை என்பதிலோ, குர்து மொழி பாரசீக மொழி இல்லை என்பதிலோ ஒருவருக்கும் சந்தேகமில்லை. தமிழும் தெலுங்கும் போல, ஒரே குடும்பத்தில் வேறு வேறு மொழிகள்.

தகப்பன் ஒரு பழைய கம்பளிக் கோட்டை வெட்டி ரோஜினுக்கு நாடகத்தில் போட வட்டத் தொப்பி தைத்துக் கொடுத்தார்.

நாடகத்தன்று பள்ளிக்கூட ஜிம்முக்குப் பின்னாலிருந்த அறையில் அம்மா எங்கள் உடுப்புகளுக்கு ஊசி குத்திவிட்டுக்கொண்டிருந்தார். உதவிக்கு வந்திருந்த இன்னொருவர், வகுப்புப் பையன் ஒருவனின் தாய், தெஹ்ரானில் பிறந்தவர். நல்ல மனுசி. எல்லோருக்கும் பிஸ்தா போட்ட இனிப்புக் கொண்டுவந்திருந்தார். அந்த அன்ரி சிரித்துக்கொண்டே ரோஜினின் தொப்பியைக் கழற்றி, மற்றப் பிள்ளைகளுக்கு வைத்தது போல ஒரு தங்க முடியை அவள் தலையில் வைத்தார்.

“நாங்கள் எல்லோரும் பாரசீகர்தானே, செல்லம்” என்றார்.

அந்தச் சிரிப்பை நினைத்தால் எனக்கு இப்போதும் பற்றிக்கொண்டு வருகிறது. ரோஜின் முடியைக் கழற்றினாள். அன்ரி மறுபடி வைத்தார். எல்லோரும் ஒரே மாதிரி இருந்தால்தான் மேடையில் வடிவு என்று ரீச்சரும் சொன்னார். ரோஜின் தன் மொழியில் எதையோ கத்தினாள். அங்கே ஒருவருக்கும் விளங்கவில்லை. அன்ரிக்கும் விளங்கவில்லை.

பள்ளிக்கூடத்துக்கு வந்தால் வாயே திறக்காத அம்மா, கையிலிருந்த ஊசிகளை மேசையில் போட்டார். மன்னார்க் கத்தோலிக்கர், தானியேல் சிங்கக் குகையில் கிடந்த கதையைப் பூசையில் கேட்டு வளர்ந்தவர். வேதத்திலேயே மேதியர் என்றும் பாரசீகர் என்றும் இரண்டு சனமாகத்தான் இருக்கிறது என்று தனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் சொன்னார். பள்ளிக்கூடத்தில் மதம் பேச வேண்டாம் என்றார் ரீச்சர்.

“மதமில்லை, பெயர்! இந்தப் பிள்ளை தன் சனத்தின் பெயரைச் சொல்கிறது. உங்களுக்குக் காது கேட்காதா?”

அம்மாவின் சத்தம் ஜிம் முழுக்கக் கேட்டது. கொஞ்சம் வெளியே நிற்கச் சொல்லி ரீச்சர் கதவைத் திறந்து விட்டார். அம்மா தொப்பியை எடுத்துக்கொண்டு போனார். ரோஜினும் பின்னால் போனாள். யாரும் தடுக்கவில்லை.

நாடகம் நடந்தது. நான் பாரசீகன், பாரசீகனின் மகன்; ஆரியன், ஆரிய வழி வந்தவன் என்று அந்த அரசன் கல்லில் வெட்டுவித்த வார்த்தைகளை நான் உரக்கச் சொன்னேன். பாரசீகன் என்றது அவனுடைய சனத்தை. ஆரியன் என்றது மேதியரும் அடங்கிய பெரிய குடும்பத்தை. ஈரான் என்ற பெயரே அந்தச் சொல்லிலிருந்துதான் வந்தது. இரண்டையும் அவனே பிரித்துச் சொல்லியிருக்கிறான். என்னைச் சுற்றி நின்ற அத்தனை பேரின் தலையிலும் தங்க முடி. கைதட்டல் ஓய வெகு நேரமானது. பார்வையாளர் வரிசையில் அம்மாவின் கதிரை மட்டும் வெறுமையாகக் கிடந்தது.

வெளியே வந்தால், கார் பார்க்கில் பனி கொட்டிக்கொண்டிருந்தது. எங்கள் காரின் பின் சீற்றில் ரோஜின் வட்டத் தொப்பியோடு இருந்தாள். அவளுக்கு விளங்கக்கூடாதென்று தமிழில் கத்தினேன்.

“நான்தானே உங்கட பிள்ளை? அவள் தமிழ்கூட இல்லை! நீங்கள் என்ர நாடகத்தைப் பாக்கவே இல்லை!”

அம்மா திரும்பிப் பார்க்காமல் காரை எடுத்தார்.

“உனக்குக் கைதட்ட உள்ளுக்க அவ்வளவு சனம் இருந்தது. இவளோட வெளியில நிக்க ஆர் இருந்தது?”

எனக்கு அது ஒரு பதிலாகவே படவில்லை. மன்னாரிலிருந்து கொழும்புக்கும், அங்கிருந்து இந்தக் குளிருக்கும் வந்து சேர்ந்த வழியில், எந்தெந்தக் கதவுக்கு வெளியே அம்மாவைத் தனியாக நிறுத்தி வைத்தார்கள் என்று கேட்க எனக்கு அப்போது தெரியவில்லை.