மாமாவின் கோட்டுக்கு வைத்த இலை

எழுதத் தெரிந்தவர்கள் எழுதுகிற இடத்தில் நானும் வந்து நிற்பதற்கு முதலில் மன்னிக்கவேண்டும். தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் ஐந்தாம் வகுப்பு வரை, பிறகு டவுனில் மூன்று வருடம், அவ்வளவுதான் என் படிப்பு. கடிதம் எழுதுவேன். நாலு பேர் இருக்கும் இடத்தில் பேசச் சொன்னால் வாய் வராது. போன வாரம் மழைக்கு முன்னால் துணிப் பெட்டியை மாற்றும்போது, காய்ந்த இலை ஒன்றை நான் கன்னத்தில் வைத்துப் பார்ப்பதை என் மகள் கண்டுவிட்டாள். “என்னம்மா, எலைக்கு முத்தம் குடுக்கிறீங்களா?” என்று சிரித்தாள். அவளிடம் சொல்ல வராததை இங்கே எழுதிப் பார்க்கிறேன்.

இலங்கை மலைநாட்டில், தேயிலைத் தோட்டத்து வீட்டு வரிசையான எங்கள் லயம் வட்டகொடை ஸ்டேஷனிலிருந்து மலையேறி ஒரு மணி நேர நடை. ஒற்றை அறைக் காம்பராவில் அப்பா, அம்மா, நான், தம்பி, அப்பாவின் தங்கையான அத்தை என்று ஐந்து பேர் இருந்தோம். துணிமணி வைக்க இரண்டு தகரப் பெட்டிகள்தாம். பெரியது அம்மாவுடையது. கறுப்புப் பெயின்ட் அடித்த சின்னது அத்தையுடையது.

வருடத்துக்கு இரண்டு முறை பெட்டி மாற்றுவோம். வைகாசியில் மழை இறங்குமுன் கம்பளிச் சட்டைகளும் கோட்டும் குல்லாவும் வெளியே வரும். திருவிழாச் சேலையும் மெல்லிய சட்டைகளும் உள்ளே போகும். மாசியில் குளிர் விட்டதும் அது தலைகீழாக நடக்கும். எது உள்ளே போனாலும் மடிப்புக்கு மடிப்பு டர்பன்டைன் இலை வைக்கவேண்டும். யூகலிப்டஸ் மரத்துக்கு எங்கள் தோட்டத்தில் அதுதான் பெயர். பூச்சி உருண்டை டவுன்காரர்களுக்குக் கிடைத்தது. எங்களுக்கு மரம் கிடைத்தது.

இலையைப் பறித்துச் சுளகில் பரப்பி, அடுப்புப் பக்கத்தில் மூன்று நாள் காயவைக்கவேண்டும். பச்சையாக வைத்துவிட்டால் பெட்டிக்குள் துணி வியர்த்துப் பூஞ்சணம் பிடிக்கும். பறித்துக் காயவைத்து அடுக்குவது என் வேலை. காய்ந்துவிட்டதா என்று பார்ப்பது அத்தையின் வேலை. ஒவ்வோர் இலையாக எடுத்துக் கன்னத்தில் வைத்துப் பார்ப்பாள்.

“கொழுந்து பறிச்சுப் பறிச்சு கையி மரத்துப் போச்சு புள்ள. கையி பொய் சொல்லும். கன்னம் சொல்லாது,” என்பாள்.

அத்தையின் பெட்டியில் அடியில் இருந்தது அவள் புருஷன், என் மாமாவின் கோட்டு. மாமா பங்களாத் தோட்டத்தில் பூச்செடிகளுக்கு வேலை பார்த்தவர். சீமைக்குத் திரும்பிப் போன துரை ஒருவர் அவருக்குக் கொடுத்த கோட்டு அது. கறுப்புக் கம்பளி, உள்ளே பட்டு மாதிரி வழவழத்த துணி, முன்னால் நான்கு பித்தளைப் பொத்தான்கள். எனக்கு இரண்டு வயதாக இருந்தபோது ஒரு சித்திரையில் மாமா இந்தியாவுக்குப் போனார். “ஊருல வெயிலு மண்டையப் பொளக்கும், இது எதுக்கு? மழைக்கு முந்தி வந்துருவேன்,” என்று கோட்டை அத்தையிடம் கொடுத்துவிட்டுப் போனாராம். அதற்குப் பிறகு ஏழு மழைக்காலம் வந்து போயிற்று. மாமாவின் முகம் எனக்கு நினைவில்லை. மாமா என்றால் எனக்கு அந்தக் கோட்டுத்தான்.

மற்றக் கோட்டுகளெல்லாம் வைகாசியில் வெளியே வந்தால் மாசி வரை உழைக்கும். அது மட்டும் வருடத்தில் இரண்டு நாள் கொடியில் வெயில் காய்ந்துவிட்டு, புது இலையோடு உள்ளே போய்விடும். அப்பாவின் கோட்டோ முழங்கை இரண்டும் கிழிந்து, முதுகில் சாக்குத் துண்டு ஒட்டுப் போட்டது. மழை நாளில் தேயிலைச் செடிகளைக் கவ்வாத்து வெட்டப் போய் வந்தால் இருமத் தொடங்குவார்.

“அந்தக் கோட்டுக்கு வருசத்துக்கு ரெண்டு தடவ வெயிலு காட்டுறீங்க. எனக்கு யாரு காட்டுறா?” என்று அப்பா சிரித்துக்கொண்டே கேட்பார்.

அம்மா சிரிக்கமாட்டாள். “இவரு இருமுற இருமல்ல லயமே தூங்க மாட்டேங்குது. பெட்டிக்கு என்ன, அதுக்குக் குளிருதா?”

“ஒரு நாளைக்கு வந்து எறங்குறப்ப மழையா இருந்தா என்ன செய்வாரு அண்ணி? ஸ்டேஷன்லேருந்து நடந்துல்ல வரணும்,” என்பாள் அத்தை. அதோடு பேச்சு முடிந்துவிடும். தந்தி வந்தால் கோட்டை எடுத்துக்கொண்டு ஸ்டேஷனுக்கு ஓடவேண்டியது நான் என்று முடிவாகியிருந்தது. எந்தக் குறுக்குப் பாதையில் இறங்குவது என்றுகூட யோசித்து வைத்திருந்தேன்.

எனக்கு ஒன்பது வயதான அந்த வருடம் தைப்பொங்கல் கழிந்து சில நாளில், தோட்டத்தின் மேல் டிவிசன்காரர் ஒருவர் எங்கள் வீட்டுக்கு வந்தார். அவர் இந்தியா போய் அப்போதுதான் திரும்பியிருந்தார். கோயில் விபூதியும் ஒரு துண்டு கருப்பட்டியும் கொடுத்தார். அத்தை அவருக்குச் சாயத் தண்ணி ஊற்றிக் கொடுத்தாள்.

“மணப்பாறைச் சந்தையில ஒங்க வீட்டுக்காரரப் பாத்தேன் தங்கச்சி. நல்லா இருக்காரு. மாடு புடிக்க வந்திருந்தாரு. மூத்த பையன இஸ்கூல்ல சேத்திருக்காராம்.”

அப்பா தலையைக் குனிந்துகொண்டார். அம்மா வந்தவரை ஒரு பார்வை பார்த்தாள். அத்தை மட்டும் சாதாரணமாகக் கேட்டாள்.

“எத்தனாம் வகுப்பு?”

“ஒண்ணாம் வகுப்புத்தான்,” என்றவர், அதற்குப் பிறகுதான் என்ன சொல்லிவிட்டோம் என்று தெரிந்தவர் போல, சூட்டையும் பார்க்காமல் தேத்தண்ணீரைக் குடித்துவிட்டு எழுந்து போனார்.

எனக்குப் பெருமையாக இருந்தது. எங்கள் தோட்டத்திலும் வாத்தியார் லயம் லயமாக நடந்து பிள்ளைகளைப் பிடித்து வந்து ஒன்றாம் வகுப்பில் சேர்ப்பார். ஆகவே மாமா அங்கே வாத்தியாராகிவிட்டார் என்று புரிந்துகொண்டேன். வாத்தியாருக்கு மாடு எதற்கு என்பதுதான் விளங்கவில்லை. கூடப் படித்த பிள்ளைகளிடம் மாட்டை விட்டுவிட்டு மிச்சத்தைச் சொன்னேன்.

மாசி வந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை பெட்டி மாற்றினோம். அந்தத் தடவை நான் சோம்பலில் கொஞ்ச இலைதான் காயவைத்திருந்தேன். அம்மாவின் பெட்டிக்கே அது சரியாகப் போய்விட்டது. அத்தையின் பெட்டி திறந்து கிடந்தது. நான் யாரிடமும் சொல்லாமல் லயத்துக் கோடிக்கு ஓடி, தாழ்ந்த கிளையில் கை நிறைய ஒடித்தேன். மாசியிலும் எங்கள் பக்கம் பத்து மணி வரை இலையில் பனித் தண்ணீர் நிற்கும். பாவாடையில் துடைத்துத் துடைத்துப் பார்த்தேன். நிறம் பச்சையாகவே இருந்தது.

அத்தை கோட்டை மடித்து மடியில் வைத்திருந்தாள். நான் இலைகளை நீட்டினேன். அவள் ஒன்றை எடுத்துக் கன்னத்தில் வைத்தாள். வைத்த கையை எடுக்கவில்லை. என்னைப் பார்த்தாள். நான் என் கால் விரல்களைப் பார்த்தேன். அறை விழும் என்று தோளைக் குறுக்கிக்கொண்டேன்.

“வை புள்ள,” என்றாள். “நெறையாவே வை.”

தப்பித்தேன் என்று நினைத்தேன். பைகளுக்குள், கைகளுக்குள், கழுத்துப் பட்டிக்குக் கீழே என்று எல்லாவற்றையும் திணித்தேன். அத்தை மூடியை இறக்கிப் பூட்டிச் சாவியை இடுப்பில் சொருகிக்கொண்டாள்.

அதற்குப் பிறகு மூன்று மாதம் எனக்குச் சோறு இறங்கவில்லை. மாமா வந்து பெட்டியைத் திறந்தால் என்ன ஆகும்? தந்தி என்ற வார்த்தையைக் கேட்டாலே லயத்துக் கோடிக்கு ஓடிவிடுவேன். மழைக்கு முந்தி மாமா வரக்கூடாது என்று மாரியம்மன் கோயிலில் வேண்டிக்கொண்டேன். என் வாழ்க்கையில் உடனே பலித்த வேண்டுதல் அது ஒன்றுதான்.

வைகாசியில் பெட்டி திறந்தபோது மணம் முதலில் வந்தது. ஈரச் சாக்கின் மணம். அம்மாதான் கோட்டைத் தூக்கினாள். கறுப்புத் துணி முழுவதும் வெள்ளையும் பச்சையுமாகப் பூத்திருந்தது. உள்துணியில் இலை இலையாகக் கறை. அம்மா உதறிய உதறலில் முதுகுத் தையல் அப்படியே விட்டுப் போயிற்று.

“இந்த மூதேவி பச்ச எலைய வச்சிருக்கா,” என்று அம்மா கையை ஓங்கினாள்.

அத்தை அந்தக் கையைப் பிடித்தாள். “புள்ளைய அடிக்காதீங்க அண்ணி. நான் பாத்துத்தான் வச்சேன்.”

“பாத்தா இப்படி ஆகுமா?”

“பாத்துத்தான் வச்சேன்,” என்றாள் மறுபடியும்.

கோட்டை வாசல் திண்ணையான இஸ்தோப்பில் போட்டுப் பூஞ்சணத்தைத் துடைப்பத்தால் தட்டினாள். வெந்நீரில் அலசி, கிடைத்த கொஞ்ச வெயிலில் காயப்போட்டாள். சாயங்காலம் அப்பாவின் கவ்வாத்துக் கத்தியைக் கேட்டு வாங்கினாள். எங்கள் வீட்டில் கத்தரிக்கோல் கிடையாது.

“நல்லா யோசிச்சியாம்மா?” என்றார் அப்பா.

“துணி மக்கிப் போச்சுண்ணே. இதுல இன்னும் யோசிக்க என்ன இருக்கு?”

தையல் தையலாகப் பிரித்தாள். மக்கிய முதுகைத் தூக்கி எறிந்தாள். முன்பக்கம் இரண்டும் நன்றாக இருந்தன. பழைய கம்பளித் துண்டை முதுகாக வைத்து, கையில்லாத சட்டை ஒன்று அப்பாவுக்குத் தைத்தாள். கோட்டுக் கைகள் இரண்டையும் பிரித்துச் சேர்த்துத் தம்பிக்கு ஒரு சட்டை. பித்தளைப் பொத்தான்களை என் உள்ளங்கையில் கொட்டி, “வச்சு வெளாடு, போ,” என்றாள். தனக்கென்று ஒன்றும் எடுத்துக்கொள்ளவில்லை.

எனக்கு அப்போதும் ஸ்டேஷன் கவலைதான். “மாமா வந்தா எதக் கொண்டு போறது அத்தை?”

நூலைப் பல்லால் கடித்து அறுத்துவிட்டுச் சொன்னாள். “நனஞ்சா நனையட்டும்.”

அம்மா சிரித்துவிட்டாள். சிரித்துக்கொண்டே முந்தானையால் கண்ணைத் துடைத்தாள். மாமா மழையில் நனைவதற்கு யாராவது அழுவார்களா என்று நினைத்தேன். கோட்டைக் கெடுத்தவள் நானாக இருக்க, பழியைத் தன் மேல் போட்டுக்கொண்டு அத்தை எனக்காகப் பொய் சொன்னாள் என்றுதான் வெகு காலம் நம்பினேன். அதற்காக அவளுக்கு எவ்வளவோ ஓடி ஓடி வேலை செய்திருக்கிறேன். ஈர இலையை நானே கன்னத்தில் வைத்துப் பார்க்கும் வயது வந்தபோதுதான், அது எவ்வளவு சில்லென்று இருக்கும் என்று எனக்குத் தெரிந்தது.

மறுநாள் அப்பா புதுச் சட்டையைப் போட்டுக்கொண்டு, காலையில் வேலை பிரித்துக் கொடுக்கும் பெரட்டுக்குப் போனார். அத்தை தன் கம்பளியைத் தலையில் போட்டுக்கொண்டு கொழுந்துக்குப் போனாள். காலையிலேயே மழை பிடித்துக்கொண்டது. அந்தக் கறுப்புப் பெட்டியில் அம்மா எங்கள் பள்ளிக்கூடப் புத்தகங்களை வைத்தாள்.