மச்சான் சொன்ன ஆறு இலக்கம்

காரைக்காலில் எங்கள் ஆட்களிடையே கல்யாணமானால் பெண் வீட்டை விட்டுப் போகமாட்டாள். மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வந்து தங்குவார். அதனால் ராத்தாவின் கல்யாணத்தில் இடத்தைப் பறிகொடுத்தவள் அவள் தங்கையான நான்தான். பத்து வயதுவரை அவள் பக்கத்தில் படுத்தவளைக் கூடத்துக்குத் துரத்திவிட்டு, குவைத்திலிருந்து லீவில் வந்த ஒரு மனுஷர் அந்த அறைக்குள் குடியேறிவிட்டார். எந்நேரமும் சிரித்துக்கொண்டே இருப்பார். காரணமில்லாமல் சிரிக்கிறவரை எப்படி நம்புவது?

ஒருநாள் மத்தியானம் மச்சான் என் கணக்கு நோட்டில் 142857 என்று எழுதினார். இதை எதால் பெருக்கினாலும் இதே ஆறு பேர்தான் வருவார்கள், உட்காருகிற இடம் மட்டும் மாறும் என்றார். தன் செல்போனில் இரண்டால் பெருக்கிக் காட்டினார்: 285714. மூன்றால்: 428571. அவர் போன், அவர் கணக்கு. உள்ளே என்ன செய்து வைத்திருக்கிறாரோ! உம்மாவின் போனில் போட்டேன். அதுவும் அதையே சொன்னது. உம்மாதான் மாப்பிள்ளைக்குத் தினம் கோழி பொரித்துப் போடுகிற கட்சியாயிற்றே, அந்தப் போனையும் நான் நம்பவில்லை.

"பொய்யா இருந்தா என்ன தருவீங்க?" என்றேன்.

"என்ன வேணும், கேளு."

"ராத்தா ரூம்."

கூடத்தில் எல்லோரும் சிரித்தார்கள், ராத்தாவைத் தவிர. மச்சான் அவளை ஒரு பார்வை பார்த்துவிட்டு, சரி என்றார்.

பென்சிலை எடுத்து நானே போட்டேன். நான்கு, ஐந்து, ஆறு. அந்த ஆறு இலக்கமும் கொஞ்சமும் வெட்கமில்லாமல் இடம் மாற்றி மாற்றி வந்து நின்றன. எனக்கு அழுகையே வந்துவிட்டது. ஆத்திரத்தில் ஏழால் பெருக்கினேன். கடைசியில் ஒன்பது வந்தது. அதற்கு முன்னாலும் ஒன்பது. 999999! பழைய ஆள் ஒருத்தர்கூட இல்லை. நோட்டைத் தூக்கிக்கொண்டு ஓடினேன்.

மச்சான் வரி வரியாகச் சரிபார்த்தார். குவைத்தில் அவரோடு வேலை பார்ப்பவர் இந்த வித்தையை ஆறு வரைக்கும்தான் காட்டினாராம். ஏழு இவருக்கே புதுசாம். எனக்கா தெரியாது, மாட்டிக்கொண்டவர்கள் எல்லோரும் இப்படித்தான் சொல்வார்கள்.

"சின்னப் புள்ள, வெளயாட்டுக்குச் சொல்லுது. நீங்க கண்டுக்காதீங்க மாப்புள," என்று உம்மா கெஞ்சினார். சொன்னது சொன்னதுதான் என்று அன்று ராத்திரி மச்சான் தலையணையோடு கூடத்துக்கு வந்துவிட்டார். நான் ராஜாத்தி மாதிரி உள்ளே போனேன். ராத்தா சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்திருந்தாள். கூப்பிட்டேன், போர்வையை இழுத்துத் தலையை மூடிக்கொண்டாள். புருஷன் தோற்றதைத் தாங்கமுடியவில்லை, அதான் இந்த வீம்பு என்று நினைத்துக்கொண்டு நிம்மதியாகத் தூங்கிப்போனேன்.

மறுநாள் ராத்திரி உம்மா என்னைப் பழையபடி கூடத்திலேயே பிடித்துப் படுக்கவைத்துவிட்டார். நான்காம் நாள் காலையில் மச்சானை ஏர்போர்ட்டுக்குக் கூட்டிப்போகக் கார் வந்தது. அன்றைக்கு லீவு முடிகிறது என்று எனக்கும் தெரியும். அடுத்த லீவு இரண்டு வருஷம் கழித்துத்தான் என்பதும் தெரியும். அந்த இரண்டு வருஷத்துக்கும் சேர்த்து ராத்தாவிடம் மிச்சமிருந்த மூன்று ராத்திரிகளில் ஒன்றைத்தான் நான் ஜெயித்து எடுத்துக்கொண்டேன் என்பது மட்டும் தெரியவில்லை.