மழைக்கு ஒதுங்கிய வாசிகசாலை

பதுளை பஸ் நிலையத்தில் வடை சுற்றித் தந்த பத்திரிகைத் தாள் மழையில் நனைந்து, எங்கள் தேயிலைத் தோட்டத்து வாசிகசாலையின் வாடையைக் கிளப்பிவிட்டது. நாங்கள் குடியிருந்த லயத்து வரிசை வீடுகளின் கூரைகள் ஒழுகும் நாட்களில் கருங்கல் சுவர் வைத்த அந்த ஒற்றை அறையில்தான் ஒதுங்குவோம்; கொழுந்து பறிக்க இடுப்பில் கட்டிய ஈரப் படங்குகளை அவிழ்த்துப்போட்டுவிட்டு, கொழுந்துக்கறை விரல்கள் தாளில் படாமல் பெண்கள் நெருக்கியடித்து உட்கார்ந்திருக்க, பிள்ளைமடுவத்தில் கைக்குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் விஜயாக்கா பத்திரிகைத் தொடர்கதையை உரக்க வாசிப்பார்.

அன்றும் அடைமழை. "நீ பள்ளிக்கூடத்துக்குப் போ, கதைய நான் கேட்டு வந்து சொல்றேன்" என்று அம்மா அங்கே போனாள்.

சாயங்காலம் நான் ஏறி வந்தபோது மலை சரிந்து, வாசிகசாலை இருந்த இடம் கருங்கல் சுவர்கூடத் தெரியாமல் வெறும் மண்ணாகக் கிடந்தது.

இன்றும் எதைச் சுற்றித் தந்தாலும் தாளைப் பிரித்து வாசிக்கிறேன். அந்தக் கதையில் அடுத்து என்ன நடந்தது என்று சொல்ல, கேட்டவர்களில் ஒருவரும் மிஞ்சவில்லை.