மாரக்கா இருக்கிறாளா?

சுகுணாவின் லைனில் வாயால் சண்டை போட முடியாது. ஓசூர் சிப்காட்டில் கார்களுக்கு வயர் ஹார்னஸ், அதாவது மின்கம்பிக் கட்டு, செய்கிற தொழிற்சாலை அது. கனெக்டரில் லாக் சரியாக விழுந்திருக்கிறது என்று ஒருத்தி சொல்வாள், விழவில்லை என்று அடுத்தவள் சொல்வாள். லைன் லீடரான சுகுணா இரண்டு பேர் சொல்வதையும் கேட்க மாட்டாள்.

"பீஸ் எங்க? எடுத்துட்டு வா. பாக்காம பேசாத."

சூப்பர்வைசர் வந்தாலும் இதே பதில்தான். அந்தப் பேச்சுக்காகவே அவளை லைன் லீடர் ஆக்கினார்கள் என்று ஷிஃப்டில் சொல்வார்கள். அப்படிப்பட்டவள், தான் பார்க்காத ஒன்றுக்காகச் சொந்தத் தம்பியோடு மூன்று வருடம் பேசாமல் இருந்தாள். சண்டை நிலத்துக்காகவோ நகைக்காகவோ இல்லை. ஒரு சினிமாவுக்காக.

படத்தின் பெயர் 'எட்டாம் மதகு'. ஓர் அணை, அதன் தண்ணீருக்காகப் போராடும் மாரக்கா, அவளுடைய தம்பி சின்னான். முதல் பாகம் வந்தபோது தம்பி திருமலை ஐடிஐ படித்துக்கொண்டிருந்தான். அவர்களுக்கு ஊர் ராயக்கோட்டைப் பக்கம், அப்பா தக்காளி விவசாயி. கல்யாணமாகி மத்திகிரியில் வாடகைக்கு இருந்த சுகுணாதான் அவனைத் தன் வீட்டில் வைத்துப் படிக்க வைத்தாள். முதல் நாள் முதல் காட்சிக்கு இரண்டு பேரும் போனார்கள். படம் முடிந்து வெளியே வந்ததும் திரும்ப டிக்கெட் எடுத்து உள்ளே போனார்கள். கெலவரப்பள்ளி அணைக்குப் போய், எந்த மதகு எட்டாவது என்று எண்ணிப் பார்த்தார்கள். அந்த அணையில் எட்டு மதகு கிடையாது. அதற்காக இரண்டு பேரும் உண்மையிலேயே வருத்தப்பட்டார்கள். இனி எத்தனை பாகம் வந்தாலும் சேர்ந்துதான் பார்ப்பது என்று அங்கேயே முடிவாயிற்று.

பிறகு திருமலைக்குக் கர்நாடக எல்லை தாண்டி, பொம்மசந்திராவில் வேலை கிடைத்தது. சந்தாபுராவில் அறை எடுத்தான். ஓசூரிலிருந்து பஸ் ஏறினால் கொஞ்ச நேரம்தான். ஆனாலும் வருவது குறைந்தது. பொங்கலுக்குக் கூப்பிட்டால் "ஓவர்டைம்க்கா" என்றான். மாரியம்மன் பண்டிகைக்கும் ஓவர்டைம். இரண்டாம் பாகம் வந்த அன்றும் அதே ஓவர்டைம்தான். சுகுணா முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு கணவன் முனிவேலோடு போய்ப் பார்த்தாள். ஞாயிற்றுக்கிழமை திருமலையே போன் செய்தான். படம் வந்த அன்று விடியற்காலை ஷோவுக்கே ரூம் பசங்களோடு போய்விட்டதாகச் சொன்னான்.

"மாரக்கா செத்ததுதான் தாங்க முடியலக்கா."

"எங்கடா செத்தா? தண்ணி இழுக்குது, கையில சங்கிலி மாட்டுது, அத்தோட இருட்டாயிடுதே."

"சங்கிலியா? கரையில கொண்டாந்து போடறாங்க. சின்னான் கொள்ளி வெக்கறான். தியேட்டரே அழுவுது."

"நீ படம் பாத்தியா, தூங்குனியா?"

"கண்ணால பாத்தேன்க்கா."

"பொங்கலுக்குப் பொய், பண்டிகைக்குப் பொய், இப்ப படத்துலயும் பொய்யா? வரப் புடிக்கலன்னா புடிக்கலன்னு சொல்லு. பாக்காத படத்த எதுக்குப் பாத்தேங்கற?"

"யாரு பொய்யி? நீதான் பாதியில எழுந்து வந்திருப்ப!"

போன் வைக்கப்பட்டது. அதற்குப் பிறகு இரண்டு பக்கமும் யாரும் எடுக்கவில்லை.

சுகுணா அந்தப் படத்தைப் பிறகு பலமுறை செல்போனில் பார்த்தாள். ஒவ்வொரு முறையும் சங்கிலி, இருட்டு, அவ்வளவுதான். கமெண்ட்டில் ஓரிருவர் மாரக்கா செத்துவிட்டதாக எழுதியிருந்தார்கள். அவர்களும் படம் பார்க்காதவர்கள் என்று முடிவு செய்துகொண்டாள். கமெண்ட்டில் யார் எதை வேண்டுமானாலும் எழுதலாம். முனிவேல் மட்டும் அவ்வப்போது, "சினிமாக்காரிக்காக யாராச்சும் கூடப் பொறந்தவன வெட்டி வுடுவாங்களா?" என்பான். "சினிமாக்காரிக்காக இல்ல" என்பாள் அவள். பின் எதற்காக என்று கேட்டால் எழுந்து அடுப்படிக்குப் போய்விடுவாள்.

இப்போது மூன்றாம் பாகம் அறிவித்துவிட்டார்கள். போஸ்டரில் சின்னான் மொட்டைத் தலையோடு நின்றான். டீசரின் கடைசி நொடியில் மாரக்காவின் குரல் மட்டும் கேட்டது. ஷிஃப்டே இரண்டாகப் பிரிந்தது. அக்கா செத்ததற்கு அடித்த மொட்டை என்றார்கள் பாதிப் பேர். மீதிப் பேர், அவள் பிழைத்ததற்கு வேண்டிக்கொண்டு திருப்பதியில் போட்ட மொட்டை என்றார்கள். இந்தப் பக்கத்தில் இரண்டுக்கும் மொட்டை அடிப்பார்கள் என்பதால் யாரையும் மறுக்க முடியவில்லை.

"எனக்கு இந்த மூணாவது பாகம்னாலே பயம் சுகுணாக்கா" என்றாள் டெல்சி, கேன்டீன் மேசையில். சுகுணாவின் லைனில் டேப் சுற்றுகிறவள், ஜூஜூவாடியிலிருந்து வருகிறாள். "மொதல்ல நல்லா எடுக்கறாங்க. ரெண்டாவதுல இழுக்கறாங்க. மூணாவதுல செத்தவங்கள எல்லாம் எழுப்பி வுட்டுர்றாங்க."

"அவ சாகல. எழுப்ப என்னா இருக்குது?"

"சரி, சாகல. டைரக்டர மாத்திட்டாங்களாமே, அதுக்கு என்னா சொல்றீங்க?"

சுகுணாவுக்கு டைரக்டர் கவலை இல்லை. ஆசையும் பயமும் ஒன்றில்தான் வந்து நின்றன. மூன்றாம் பாகத்தை யாரோடு பார்ப்பது? தம்பி இல்லாமல் பார்த்தால் அணையில் பேசிய பேச்சு அத்தோடு முழுக்க முறிந்துவிடும். அவனைக் கூப்பிட்டால், தான் தோற்ற மாதிரி. மாரக்கா உயிரோடு வந்து நின்றால் அவன் பொய் ஊருக்கே தெரியும். அது தெரிந்து தனக்கு என்ன ஆகப்போகிறது என்றும் தோன்றியது. செத்திருந்தால்? அதை அவள் நினைக்கவே விரும்பவில்லை.

அடுத்த வாரம் ஒரு கனெக்டர் தகராறு வந்தது. சுகுணா வழக்கம்போல, "பீஸ் எங்க?" என்றாள். டெல்சி கையிலிருந்த டேப்பைக் கீழே வைத்தாள்.

"அக்கா, கோச்சிக்காதீங்க. உங்க தம்பி விஷயத்துல பீஸப் பாத்தீங்களா?"

"பாக்காம? மனப்பாடமாத் தெரியும்."

"அது நீங்க பாத்த பீஸு. அவரு பாத்த பீஸு? அத்திப்பள்ளி தியேட்டர்ல ரெண்டாம் பாகம் மறுபடி போட்டிருக்காங்க, கன்னடத்துல. பஸ்ல வரப்ப போஸ்டர் பாத்தேன். அதத் தனியா ஷூட் பண்ணாங்கன்னு எங்க வீட்டுக்காரரு சொல்றாரு."

தம்பி எந்த மொழியில் பார்த்தான் என்று சுகுணா கேட்கவே இல்லை. அவனும் சொல்லவில்லை. அவர்கள் வீட்டில் தமிழ், அம்மா வழி உறவில் தெலுங்கு, சந்தையில் கன்னடம். ஷிஃப்டுக்கு ஒத்துவருகிற ஷோ எதுவோ அதில் போய் உட்காருவார்கள். வந்த பிறகு கதையைத்தான் பேசுவார்கள். என்ன மொழி என்று கேட்கும் பழக்கமே அந்தக் குடும்பத்தில் கிடையாது.

வார விடுமுறையன்று டெல்சியைக் கூட்டிக்கொண்டு அத்திப்பள்ளிக்குப் போனாள். "ஒந்தே ஷோ அம்மா" என்று கவுண்டர்காரர் விரலைக் காட்டினார். அந்த ஒரே ஷோவிலும் கூட்டம் இல்லை. அதே முகங்கள், அதே அணை. சில காட்சிகளில் மாரக்காவின் புடவை வேறாக இருந்தது. மதகு திறந்தது, தண்ணீர் இழுத்தது, சங்கிலி வந்தது. கை நழுவியது. அடுத்த காட்சியில் விடிந்துவிட்டது. அவளைக் கரையில் கிடத்தியிருந்தார்கள். சின்னான் கொள்ளி வைத்தான்.

டெல்சி மூக்கை உறிஞ்சினாள். சுகுணா அழவில்லை. திரையில் பெயர்கள் ஓடி முடிந்து, கூட்டுகிறவர் வந்து நிற்கும்வரை உட்கார்ந்திருந்தாள்.

"அப்ப எதுதாண்டி நெசம்?" என்றாள் வெளியே வந்து. "இங்க செத்துட்டா. அங்க இருக்கறா. மூணாவதுல யாரு வருவா?"

"எனக்கென்னாக்கா தெரியும்? நான் அழுதது வேஸ்டா இல்லியான்னே தெரியல."

திருமலைக்குப் போன் அடித்தாள். எடுக்கவில்லை. டெல்சியை ஊருக்கு அனுப்பிவிட்டு, சந்தாபுரா பஸ் ஏறினாள்.

அவன் பனியனோடு கதவைத் திறந்தான். பின்னால் அடுப்பில் சாம்பார் கொதித்தது. கொஞ்சம் பெருத்திருந்தான்.

"மாரக்கா செத்துட்டாடா" என்றாள் சுகுணா.

அவனுக்கு விளங்கச் சற்று நேரம் பிடித்தது. பிறகு முகம் சிவந்தது. "மூணு வருசம் கழிச்சு வந்து சொல்றியா? நான் அன்னிக்கே சொன்னேன்ல!"

"அது கன்னடத்துல. தமிழ்ல சாகல. வேணும்னா போன்ல காட்டறேன், பாரு."

காட்டினாள். அவன் நின்றபடியே கடைசிப் பத்து நிமிடத்தையும் பார்த்தான். இருட்டானதும் போனைத் தட்டினான், இன்னும் ஏதாவது இருக்கும் என்பது போல.

"என்னாக்கா இது? ஒரே ஆளு எப்படி..."

"அதத்தான் நானும் கேக்கறேன்."

சாம்பார் பொங்கி அடுப்பில் வழிந்தது. அவன் ஓடிப்போய் அணைத்தான். திரும்பி வராமல் அங்கிருந்தே பேசினான்.

"படம் பாத்தது நெசம்க்கா. ஓவர்டைம்தான் பொய்யி."

"என்னாது?"

"பொங்கலுக்கு, பண்டிகைக்கு. வந்தா பொண்ணு போட்டோவ எடுத்து நீட்டுவ. மாமாகிட்டச் சொல்லி ஜாதகத்த வாங்குவ. அதான் வரல. படத்தன்னிக்கு மட்டும் நெசமாவே ஓவர்டைமு. பகல் பூரா கம்பெனியில இருக்கணும்னுதான் விடிகாலையிலயே போயிட்டு வந்தேன்."

சுகுணா கட்டிலில் உட்கார்ந்தாள். பொய்யெல்லாம் உண்மையாகவே பொய்தான். அவள் பொய் என்று சண்டை பிடித்த படம் மட்டும் உண்மை. கோபப்படலாமா, மன்னிப்புக் கேட்கலாமா என்று தெரியவில்லை. "சோறு வடிச்சிட்டியா?" என்று கேட்டாள்.

மூன்றாம் பாகம் தள்ளிப்போய்விட்டது. புதுத் தேதி சொல்லவில்லை. 'விரைவில்' என்று ஒரு போஸ்டர் வந்தது, அதிலும் அதே மொட்டைதான். சுகுணா அதற்காகக் கேட்டு வாங்கிய லீவை ரத்து செய்தாள். எல்லைக்கு எந்தப் பக்கத்துத் தியேட்டர், எந்த மொழி என்று இன்னும் முடிவாகவில்லை. ஷிஃப்ட் முடிந்ததும் கம்பெனி பஸ்ஸில் உட்கார்ந்து தம்பியோடு பேசுகிறாள், பாதி வண்டிக்குக் கேட்கிற மாதிரி.

"வேண்டுதல் மொட்டடா அது."

"யாருக்கு வேண்டிக்கிட்டான், செத்தவளுக்கா?"

"அவ சாகல!"

"கொள்ளி வெச்சத நான் பாத்தேன். நீயும்தான் பாத்த!"

"ஞாயித்துக்கெழம வீட்டுக்கு வா, பேசிக்கலாம். போட்டோ எதுவும் காட்ட மாட்டேன்."

"ஞாயித்துக்கெழம ஓவர்டைம்க்கா."

சுகுணா ஜன்னலுக்கு வெளியே பார்த்தாள். நிஜ ஓவர்டைமா, அந்த ஓவர்டைமா? குரலை வைத்துக் கண்டுபிடிக்க முடியவில்லை. டெல்சி பக்கத்து சீட்டிலிருந்து, என்ன என்று கண்ணால் கேட்டாள்.

"சரி" என்றாள் சுகுணா போனில். "நானே அங்க வந்து பாத்துக்கறேன்."