தாத்தா சாப்பிட்ட பிறகு

சவாயித் தீவில் ஃபிலோமேனா டீச்சரிடம் யாரும் கதையைப் பாதியில் தொடங்க முடியாது. கடையில் வம்பு பேசுகிறவர்களைக்கூட, "முதல்லேர்ந்து சொல்லு. அப்புறம் என்ன ஆச்சு?" என்று மடக்கிவிடுவாள். ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு அவள் சொல்லிக்கொடுத்ததும் அதுதான்: முன்னது முன்னால், பின்னது பின்னால்.

அப்படிப்பட்டவள்தான் அன்று கொதித்துப்போய் நின்றாள். தலைநகர் ஆப்பியாவிலிருந்து பரீட்சை வைக்க வந்த அதிகாரி ரூட்டா, பெனினாவின் பெயருக்கு நேரே பெருக்கல் குறி போட்டிருந்தாள். ஏற்கெனவே ஒரு வருஷம் நிறுத்தி வைத்த பிள்ளை. வரிசையில் மற்றவர்களைவிட ஒரு தலை உயரம். இந்த முறையும் தேறாவிட்டால் மறுபடி ஒன்றாம் வகுப்புதான்.

நான்கு பட அட்டைகள். அம்மா சமைக்கிறாள், பையன் சாப்பிடுகிறான், தாத்தா சாப்பிடுகிறார், பையன் தட்டுக் கழுவுகிறான். அதிகாரி கொண்டுவந்த விடைக்குறிப்பில் இருந்த வரிசை இது. எந்த ஊர்ப் புண்ணியவான் எழுதினானோ! பெனினா தாத்தாவை முன்னால் வைத்திருந்தாள்.

"மத்த பிள்ளைங்கல்லாம் சரியா வெச்சாங்களே, டீச்சர்?" என்றாள் ரூட்டா.

"நான் மனப்பாடம் பண்ண வெச்சேன், மேடம். அதான் வெச்சாங்க." சொல்லும்போதே ஃபிலோவுக்குத் தன் மேலேயே ஆத்திரம் வந்தது. "இவ மட்டும் ஒத்துக்கல. தாத்தா பசியோட இருக்கப்ப பையன் எப்படி மிஸ் சாப்பிடுவான்னு கேட்டா. நான் என்னத்தச் சொல்ல?"

"விடைக்குறிப்புல இருக்கிறதுதானே எனக்குக் கணக்கு? சாப்பிட்டுட்டுப் பேசலாம்."

விருந்தாளிக்குப் பாய் விரித்தார்கள். சேப்பங்கிழங்கும் தேங்காய்ப்பாலில் வெந்த கீரையும் வந்தன. பெனினா பக்கத்தில் உட்கார்ந்து விசிறியால் ஈ விரட்டினாள். ரூட்டா நிதானமாகச் சாப்பிட்டாள், இரண்டாம் முறையும் கிழங்கு வாங்கிக்கொண்டாள். கை கழுவியதும் பட்டியலில் கையெழுத்துப் போடப் பேனாவை எடுத்தாள்.

ஃபிலோவுக்குப் பொறுக்கவில்லை. "பெனினா, மத்தியானம் நடந்ததை மேடத்துக்கு முதல்லேர்ந்து சொல்லும்மா."

"முதல்ல மிஸ் கிழங்கு வேக வெச்சாங்க. அப்புறம் நாங்க பாய் விரிச்சோம். அப்புறம் மேடம் சாப்பிட்டாங்க. நான் விசிறினேன். மேடம் இன்னொரு கிழங்கு கேட்டாங்க. அப்புறம் கை கழுவத் தண்ணி கொடுத்தேன்."

"அப்புறம்?"

பெனினா யோசித்தாள். "அப்புறம் இன்னும் ஒண்ணும் ஆகல மிஸ். நாங்க இன்னும் சாப்பிடல."

ரூட்டாவின் முகம் சுண்டிப்போனது. அவளும் இதே தீவில், பெரியவர்கள் சாப்பிட்டு எழும்வரை விசிறியோடு காத்திருந்து வளர்ந்தவள்தான்.

"ஐயோ, பிள்ளை பசியோடயா இருக்கு? போம்மா, போய்ச் சாப்பிடு" என்றாள்.

ஃபிலோ பெனினாவின் தோளைப் பிடித்து நிறுத்தினாள்.

"முதல்ல அந்தப் பெருக்கல் குறியை அடிச்சுடுங்க மேடம். அப்புறம் அவ சாப்பிடுவா."

ரூட்டா குறியை அடித்துவிட்டு, பக்கத்தில் 'தேர்ச்சி' என்று எழுதினாள். அதற்குப் பிறகுதான் பெனினா சாப்பிடப் போனாள்.