இரண்டு புத்தகங்களும் ஒரே மருந்தும்

அமெரிக்காவில் என் தம்பிக்குச் சாயங்காலம் ஆகும்போது பழனிசெட்டிபட்டியில் எனக்கு விடிந்திருக்கும். பக்கவாதம் வந்து படுத்திருக்கும் என் கணவரைத் துடைத்துவிட்டு, காபி போட அடுப்படிக்கு வரும் நேரம் பார்த்துக் கூப்பிடுவான். மனைவி இறந்த பிறகு அவன் பிடித்துக்கொண்ட பொழுதுபோக்கு, ரிவால்வர் தோட்டாக்களை வீட்டிலேயே தயாரிப்பது. சுட்டு முடித்த காலித் தோட்டாவில் மறுபடி வெடிமருந்து போட்டு, குண்டு வைத்து அடைக்க வேண்டும். அங்கே அதற்குச் சட்டத்தில் தடையில்லையாம். நான் துப்பாக்கியைத் தொட்டதே இல்லை. ஆனால் உத்தமபாளையத்தில் ஒரு கல்லூரியில் முப்பது வருடம் வேதியியல் நடத்தியவள். அதனால் அந்த அளவுக் கணக்கெல்லாம் என் தலையில் விழுந்தது.

ஒருநாள், எவ்வளவு மருந்து போடலாம் என்று அட்டவணை போட்ட இரண்டு புத்தகங்களின் பக்கங்களைப் படமெடுத்து அனுப்பினான். இரண்டிலும் ஒரே வெடிமருந்துதான். ஆனால் அதிகபட்ச அளவு ஒன்றில் அதிகம், மற்றதில் குறைவு.

"ரெண்டுக்கும் நடுவுல போட்டுக்கிறவாக்கா?"

"ஏலே, இது என்ன கத்திரிக்கா பேரமா, நடுவுல முடிக்கிறதுக்கு? கூடிப்போச்சுன்னா துப்பாக்கியே கையில வெடிச்சிரும்."

கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, அட்டவணைக்கு அடியில் இருந்த பொடி எழுத்தைப் படித்தேன். ஒன்று வெறும் ஈயக் குண்டுக்கு. மற்றது செம்பு உறை போட்ட குண்டுக்கு. சோதித்துப் பார்த்த துப்பாக்கிக் குழலின் நீளமும் வேறு வேறு.

"ஒன் குண்டுக்கு எந்தப் பக்கமோ அத மட்டும் பாரு. அதுலயும் இருக்கிறதுலயே கொறஞ்ச அளவுல ஆரம்பி" என்றேன்.

அப்போதுதான் லேபிள் அழிந்த டப்பா ஒன்றை வீடியோவில் தூக்கிக் காட்டினான். "இது பழசுக்கா. பாத்தா அதே மருந்து மாதிரித்தான் இருக்கு."

பெயர் இல்லாத புட்டியை என் ஆய்வகத்தில் நான் ஒருநாளும் வைக்க விட்டதில்லை. எனக்குக் கோபம் வந்துவிட்டது. "பாத்தா எல்லாம் ஒண்ணுபோலத்தாண்டா இருக்கும். ஒங்க துப்பாக்கிக் கிளப்புல கொண்டுபோய்க் குடுத்துரு. இல்லையின்னா எனக்குப் போன் பண்ணாத."

மூன்று நாள் அவன் கூப்பிடவில்லை. பொய் சொல்வானேன், முதல் நாள் உட்கார்ந்து நிம்மதியாகக் காபி குடித்தேன். மூன்றாம் நாள் கணவருக்குக் கஞ்சி ஊட்டும்போது கரண்டி பாதியிலேயே நின்றுவிட, அவர்தான் என் முகத்தைப் பார்த்தார்.

நான்காம் நாள் போன் வந்தது. "கிளப்புல ஒப்படைச்சிட்டேன்க்கா. அவகளும் ஒன்னைய மாதிரியே திட்டுனாக."

அடுத்த வாரம் குறைந்த அளவில் ஆறே ஆறு தோட்டா அடைத்து, கிளப்பின் சுடும் மைதானத்தில் சுட்டுப் பார்த்திருக்கிறான்.

"ஆறும் நல்லபடியா வெடிச்சிருச்சுக்கா. ஒனக்குச் சந்தோஷந்தான?"

"சந்தோஷந்தான்" என்றேன். அன்றைக்குக் கணவரைத் தூக்கிப் புரட்டியதில் இடுப்பு விட்டுப்போயிருந்தது. போனை வைத்துவிட்டு, அவர் கட்டிலுக்குப் பக்கத்தில் வெறுந்தரையிலேயே கொஞ்ச நேரம் படுத்துக்கொண்டேன்.