பாவாவைத் திருக்கை குத்திய இரவு

பாவாவோடு, அதாவது என் அக்கா புருஷனோடு, நான் பேசி எட்டு மாதம் ஆகியிருந்தது. அதே ஆளோடு அமாவாசை இருட்டில், முழங்கால் தண்ணீரில், ஆளுக்கொரு ஈட்டியைப் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டி வரும் என்று நான் நினைக்கவில்லை.

எங்கள் ஊர் பொதட்டூர்பேட்டை. வீட்டை ஒட்டிய கொட்டகையில் நான்கு விசைத்தறி வைத்து லுங்கி ஓட்டுகிறோம். அக்காவைத் திருத்தணியில் கொடுத்திருந்தது. பாவாவுக்கு மலையடிவாரத்தில் பூஜை சாமான் கடை. கற்பூரம், தேங்காய், காவடிக்கு வேண்டிய மயிலிறகு எல்லாம் அங்கே கிடைக்கும். "வாங்க சாமி, செருப்ப இங்கயே வுட்டுட்டுப் போங்க, நான் பாத்துக்கிறேன்" என்று அவர் கூப்பிட்டால் பக்தர்கள் அடுத்த கடைக்குப் போக மாட்டார்கள். அவ்வளவு இனிப்பான வாய்.

ஒருநாள் காலை முதல் பஸ்ஸில் அக்கா வந்து இறங்கினாள். இடது மணிக்கட்டு வீங்கி ஊதாவாகியிருந்தது. "படியில வுழுந்துட்டேன்" என்றாள். அவர்கள் குடியிருந்த வீட்டில் படியே கிடையாது. மாவுக்கட்டுப் போட்டுக் கூட்டிவந்தோம். நாலாம் நாள் பாவா ஆப்பிள் பையோடு வந்து, நாங்கள் நைனா என்று கூப்பிடும் அப்பா எதிரில் கைகட்டி நின்றார். "ஏதோ கோவத்துல கை தவறிடுச்சி மாமா. இனிமே ஆவாது." சொந்தக்காரர்கள் உட்கார்ந்து பேசினார்கள். பேசி முடித்ததும், கட்டுப் பிரிக்கிற வரைக்கும் இருந்துவிட்டுப் போகட்டும் என்று முடிவானது.

கட்டுப் பிரித்த மறுநாள் அவளைப் பைக்கில் ஏற்றிக்கொண்டுபோய் விட்டவன் நான்தான். வழியெல்லாம் அவள் ஒரு வார்த்தை பேசவில்லை. நானும் பேசவில்லை. பாவா வாசலில் நின்று, "உள்ள வா மச்சான், காபி குடிச்சிட்டுப் போ" என்றார். பதில் சொல்லாமல் வண்டியைத் திருப்பினேன். அன்றோடு நின்றது பேச்சு.

எனக்குப் பள்ளிக்கூடத்திலிருந்து ஒரு நண்பன். தறி மெக்கானிக். கல்யாணத்துக்கு முன் கொஞ்ச காலம் பொன்னேரி பக்கம் படகு இன்ஜின் பழுது பார்க்கிற பட்டறையில் இருந்தான். அந்தப் பழக்கத்தில் பழவேற்காட்டு மீனவர் ஒருவர் அவனுக்கு வேண்டியவர். வருஷத்தில் நாலைந்து அமாவாசைக்கு நானும் அவனும் திருவள்ளூர், பொன்னேரி வழியாக மூன்று மணி நேரம் வண்டி ஓட்டிப் போவோம். பழவேற்காட்டை ஏரி என்பார்களே தவிர அது கடல் தண்ணீர்தான். முகத்துவாரம் வழியாக ஏறும், வடியும். காற்று விழுந்த இரவில் அடித்தரை கண்ணாடிபோலத் தெரியும். நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு நடந்தால் மீன் வெளிச்சத்தில் திகைத்து நிற்கும். மூங்கில் கழியின் நுனியில் ஐந்து கம்பி முள் வைத்த ஈட்டியால் குத்த வேண்டும். நாளெல்லாம் தறிச் சத்தம் கேட்டுச் செவிடாகிப்போன காதுக்கு அந்த அமைதி பெரிய சுகம்.

அந்த முறை திருத்தணி பைபாஸ் டீக்கடையில் மெக்கானிக் எனக்காகக் காத்திருந்தான். பக்கத்தில் பாவா, கையில் டீ கிளாஸோடு.

"இவரு எதுக்குடா?"

"எத்தினி நாளைக்கி மூஞ்சத் தூக்கி வச்சிகினு இருப்ப? ரெண்டு பேரும் ஒரே தண்ணியில நின்னா எல்லாம் சரியாப் பூடும். வா."

அவனுக்கு அக்காவின் கை விஷயம் தெரியும். தெரிந்தும் செய்தான். அங்கேயே திரும்பியிருக்கலாம். ஆனால் திரும்பினால் பாவாவைப் பார்த்து நான் ஒதுங்கிப் போன மாதிரி இருக்கும். போனேன். அவர் மெக்கானிக் வண்டியில் ஏறிக்கொண்டார்.

பழவேற்காட்டு மீனவருக்கு எங்களைக் கண்டால் ஆகாது. இன்ஜினை இலவசமாகப் பார்த்துக் கொடுக்கிறவனுக்காகப் பொறுத்துக்கொண்டிருந்தார். "மலையடியில இருக்கிறவனுங்களுக்குத் தண்ணியில இன்னாடா வேல" என்றுதான் ஒவ்வொரு முறையும் ஆரம்பிப்பார். பிறகு விதிகளைத் திட்டுகிற மாதிரியே சொல்வார். வலை கட்டிய இடத்துக்குப் போகக் கூடாது. ஓடைப் பக்கம் இறங்கக் கூடாது. எல்லாவற்றையும்விட முக்கியம், காலைத் தூக்கி வைக்கக் கூடாது.

"சேத்துல திருக்கை பொதைஞ்சி கெடக்கும். கால இழுத்துகினே போனா அதுவா ஒதுங்கிக்கும். மேல மிதிச்ச, வாலு முள்ளால குத்திடும். பெத்த தாயாலகூட உன்ன சமாதானம் பண்ண முடியாது."

அவர் இதைச் சொன்னபோது பாவா அங்கே இல்லை. கொஞ்சம் தள்ளிக் கரைமேட்டில் நின்று போனில் கத்திக்கொண்டிருந்தார். "எங்க கீறேன்னு உனுக்கு எதுக்கு? கேள்வி கேக்கிற வேலையெல்லாம் வச்சிக்காத." மறுமுனையில் யார் என்று எனக்குத் தெரியும். மெக்கானிக் வண்டிப் பெட்டியில் விளக்கு பேட்டரியைத் தேடிக்கொண்டிருந்தான். மீனவர் என்னைப் பார்த்துச் சொன்னார்:

"அந்த ஆளுக்கு நீ சொல்லிடு."

"ஆங், சொல்றேன்" என்றேன்.

நான் சொல்லவில்லை.

இறங்கினோம். மெக்கானிக் இடது பக்கம் விலகிப் போனான். அவன் விளக்கு ஒரு பொட்டாகத் தெரிந்தது. நானும் பாவாவும் பத்தடி இடைவெளியில். நான் முதலில் ஒரு மடவை மீனைக் குத்தினேன், பிறகு இன்னொன்று. அவருக்கு ஒன்றும் மாட்டவில்லை. ஈட்டியை விறகு பிளக்கிறவர் போல ஓங்கி இறக்கினார். தண்ணீர் கலங்கியது. காலை முழங்கால் வரை தூக்கித் தூக்கி வைத்து, மலைப்படி ஏறுகிறவர்போல நடந்தார். ஒவ்வொரு அடிக்கும் 'தொப்' என்று சத்தம். நான் பார்த்துக்கொண்டுதான் வந்தேன். சொல்ல வாயெடுத்தேன் என்று எழுதினால் அது பொய். வாயெடுக்கவில்லை. அந்தத் 'தொப்'பை எண்ணிக்கொண்டு நடந்தேன்.

"இன்னும் எத்தினி நாளு மச்சான் இப்டி?" என்றார். "உங்க அக்காவே மறந்துட்டா."

எட்டு மாதத்தில் முதல் தடவையாக அவருக்குப் பதில் சொன்னேன். "மறந்துட்டேன்னு அவ சொன்னாளா?"

"அவ சொல்றதுக்கு இன்னா கீது? புருஷன் பொண்டாட்டி நடுவுல ஆயிரம் இருக்கும். நீ உன் தறியப் பாரு."

சிரித்துக்கொண்டே அடுத்த அடியை வைத்தார்.

அப்படி ஓர் அலறலை நான் அதற்குமுன் கேட்டதில்லை. மனிதக் குரல் மாதிரியே இல்லை. ஈட்டி ஒரு பக்கம், அவர் ஒரு பக்கம் விழுந்தார். நெற்றி விளக்கு தண்ணீருக்குள் போய் அங்கேயே எரிந்தது. அந்த வெளிச்சத்தில் முறம் அளவுக்கு ஒன்று சேற்றைக் கிளப்பிக்கொண்டு விலகிப்போவது தெரிந்தது. நான் நின்ற இடத்திலேயே நின்றேன். எவ்வளவு நேரம் என்று தெரியாது. "இன்னாடா ஆச்சி?" என்று தூரத்திலிருந்து மெக்கானிக் கத்திய பிறகுதான் கால் நகர்ந்தது.

கணுக்காலுக்குக் கீழே கிழிந்திருந்தது. ரத்தம் தண்ணீரில் புகைபோல் பரவியது. மெக்கானிக்கை முன்னால் போகச் சொல்லிவிட்டு, பாவாவை முதுகில் தூக்கிக்கொண்டேன். என்னைவிடக் கனத்த ஆள். அவர் நகம் என் தோளில் இறங்கியது. சேற்றில் காலை இழுத்து இழுத்து வந்தேன்.

"சீக்கிரம் போடா நாயே" என்றார். பிறகு அம்மாவைக் கூப்பிட்டு அழுதார். பிறகு, "நீயும் உங்க அக்கா மாதிரியே கீற. ஒரு வேலைக்கும் துப்பு இல்ல" என்றார்.

"வாய மூடிகினு வா. இல்ல, இங்கயே போட்டுட்டுப் போயிடுவேன்" என்றேன். போட்டிருப்பேனா என்று இன்றுவரை எனக்கே தெரியாது.

மீனவரின் மனைவி அடுப்பை மூட்டி, பொறுக்கிற சூட்டில் வெந்நீர் வைத்து அவர் காலை அதில் முக்கிப் பிடித்தாள். சூடு ஏற ஏற வலி கொஞ்சம் மட்டுப்பட்டது. அலறல் முனகலாகியது. மீனவர் வந்து காயத்தைப் பார்த்தார்.

"காலைத் தூக்கி வச்சானா?" என்னிடம் திரும்பினார். "உன்னைச் சொல்லச் சொன்னேனே. சொன்னியா?"

"சொன்னேன்."

பாவா தலையைத் தூக்கினார். முகமெல்லாம் வேர்வை. "எப்ப சொன்ன?"

மெக்கானிக் என்னைப் பார்த்தான். நான் பாத்திரத்திலிருந்து எழுந்த ஆவியைப் பார்த்தேன். மீனவருக்குப் புரிந்துவிட்டது. துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார்.

"உங்க குடும்பச் சண்டைக்கு எங்க தண்ணிதான் கெடச்சுதா? இனிமே இந்தப் பக்கம் எவனும் வரக் கூடாது."

மீனவரின் தெரு ஆள் ஒருவரின் வேனில் பாவாவை ஏற்றிவிட்டு, எங்கள் பைக்குகளில் பின்னாலேயே ஆஸ்பத்திரிக்குப் போனோம். காயத்தைக் கழுவி, ஊசி போட்டு, முள் உள்ளே முறிந்திருக்கலாம், காலையில் படம் எடுத்துப் பார்க்க வேண்டும், படுத்திருங்கள் என்றார் டாக்டர். வலி அடங்கியதும் பாவா கிளம்பிவிட்டார். மறுநாள் கிருத்திகை, கடையைத் திறக்க வேண்டுமாம். டாக்டர் தடுத்துப் பார்த்தார். கேட்கவில்லை. மெக்கானிக் அவரைப் பின்னால் உட்காரவைத்து ஓட்டினான். விடிந்த நேரம் திருத்தணி வந்து சேர்ந்தோம். கதவைத் திறந்த அக்கா, கட்டுப்போட்ட காலைப் பார்த்தாள், பிறகு என்னைப் பார்த்தாள். விலகி வழிவிட்டாள்.

முள் உள்ளேதான் இருந்தது. ஒரு வாரத்தில் கால் கறுத்து வீங்கியது. சென்னைக்குக் கொண்டுபோய் இரண்டு முறை அறுத்தார்கள். நாலு மாதம் படுக்கை. அந்த நாலு மாதமும் என் மனசுக்குள் ஒரு சந்தோஷம் இருந்தது. அதை மறைத்து எழுத விருப்பமில்லை. தறி ஓடும் சத்தத்தில் அந்த அலறலை நினைத்துப் பார்ப்பேன்.

ஒருநாள் அவர்கள் வீட்டுக்குப் போனேன். பாவா உள்ளே படுத்துக்கொண்டு தண்ணீர் கேட்டுக் கத்திக்கொண்டிருந்தார். அக்கா பின்பக்கம் குழாயடியில் சீழ்த்துணியை அலசிக்கொண்டிருந்தாள். மூக்கைப் பொத்திக்கொள்ளாமல் நிற்க முடியவில்லை. காலையில் கடையைத் திறந்து, மதியம் ஓடிவந்து அவருக்குச் சோறு ஊட்டி, பெட்பேன் எடுத்து, மறுபடி கடைக்கு ஓடுகிறாள் என்று பக்கத்து வீட்டில் சொன்னார்கள். அவள் கழுத்தில் புதிதாக ஒரு கீறல். படுத்தபடியே டம்ளரை எறிந்திருக்கிறார்.

"அக்கா, ஒன்னு சொல்லணும்" என்றேன். எல்லாவற்றையும் சொன்னேன். மீனவர் சொல்லச் சொன்னது, நான் சொல்லாமல் விட்டது, சொன்னேன் என்று பொய் சொன்னது. அவள் அழுவாள் என்று நினைத்தேன். ஒருவேளை உள்ளுக்குள் சந்தோஷப்படுவாள் என்றும் நினைத்தேன்.

அவள் துணியைப் பிழிந்துகொண்டே கேட்டாள். "இதக் கேட்டு இப்ப நான் இன்னா பண்ணணும்? உனுக்குக் கோவம் வந்துச்சி, நீ தீத்துக்கின. பீ அள்றது யாரு?"

"உனுக்காகத்தான் அக்கா..."

"எனுக்காகவா?" துணியை வாளியில் அறைந்தாள். "அன்னிக்கி என்னைப் பைக்ல ஏத்திகினு வந்து இதே வாசல்ல எறக்கி வுட்டியே, அப்ப எங்கடா போச்சி இந்தக் கோவம்? அந்த ஆளு காபி குடிக்கக் கூப்ட்டாரு. ஏன்டா என் அக்கா கைய ஒடச்சன்னு வாயத் தொறந்து ஒரு வார்த்தை கேட்டியா? வெளிச்சத்துல கேக்கத் துப்பில்ல. இருட்டுல போயி வாய மூடிகினு பழி வாங்கினியா?"

"போ" என்றாள். போனேன்.

மெக்கானிக் அதற்கப்புறம் ஒருமுறை தறி பார்க்க வந்தான். வேலை முடிந்ததும் கையைத் துடைத்துக்கொண்டே, "உண்மையச் சொல்லு. அவராண்ட சொன்னியா இல்லியா?" என்று கேட்டான். இல்லை என்றேன். "நீதான்டா அவர இட்டுகினு வந்த" என்றும் சொன்னேன். சாமான் பையை எடுத்துக்கொண்டு போனவன்தான். இப்போது ஆர்.கே.பேட்டையிலிருந்து வேறொரு ஆள் வந்து தறி பார்க்கிறார்.

பாவா எழுந்து நடக்கத் தொடங்கினார், வலது காலைச் சாய்த்துச் சாய்த்து. நடக்க முடிந்த மாதமே மறுபடி கை ஓங்கியிருக்கிறார். இந்த முறை அக்கா எங்களிடம் வரவில்லை. நாலு மாதம் கடையைத் தனியாக நடத்தியதில், சரக்குக் கொண்டுவருகிறவர்கள் எல்லாரும் அவளுக்குப் பழக்கமாகியிருந்தார்கள். பூக்காரம்மா ஒருத்தியின் வீட்டில் ஓர் அறையை வாடகைக்குப் பிடித்தாள். அதே தெருவில் எதிர்ச்சாரியில் ஒரு தள்ளுவண்டியைப் போட்டு அதே கற்பூரத்தையும் தேங்காயையும் விற்க ஆரம்பித்தாள். அவர் இந்தப் பக்கம் உட்கார்ந்து பக்தர்களைக் கூப்பிடுவார், அவள் அந்தப் பக்கம் நின்று கூப்பிடுவாள். நைனா போய் வீட்டுக்கு வரச் சொல்லிக் கெஞ்சினார். "அங்க வந்தா திரும்பக் கொண்டாந்து வுட்ருவீங்க" என்று சொல்லிவிட்டாளாம்.

போன ஆடிக் கிருத்திகைக்குத் தறியை நிறுத்திவிட்டுப் போனேன். தெரு கொள்ளாத கூட்டம். காவடிகள் வந்துகொண்டே இருந்தன. அவள் ஒருத்தியாகத் தேங்காய் எடுத்துக் கொடுத்து, கற்பூரம் கட்டிக் கொடுத்துத் திணறிக்கொண்டிருந்தாள். மூட்டையைப் பிரித்துக் கொடுக்கலாம் என்று வண்டி அருகே போய்க் கையை நீட்டினேன். அவள் என் முகத்தைப் பார்க்கவில்லை.

"வியாபார நேரத்துல முன்னாடி வந்து நிக்காத" என்றாள். "மறைக்குது."

நான் தள்ளி நின்றேன்.